மூலை மேஜையில் தட்டிய விரல்கள்

பேய், ஆவி, காத்து, கருப்பு என்று எதைச் சொன்னாலும் சிரிக்கிற வீட்டில் பிறந்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்ட பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்து, "நீயுமாடா கௌதமு?" என்றுதான் கேட்டார்கள். வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் வீடு, நாங்கள் பௌத்தர்கள். அமாவாசைக்கு மறுநாள் முச்சந்தியில் யாரோ திருஷ்டி சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழங்களில் நசுங்காததாகப் பொறுக்கி வந்து, கழுவி, எங்களுக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்தவர் எங்கள் நைனா. அந்த ஜூஸில் வளர்ந்த உடம்பு இது, இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் நம்புவதில்லை. நான் பார் கவுண்ட்டரில் நின்று சரக்கு கலக்குகிறவன், பதினோரு வருஷமாக பாரில்தான் வேலை, ஆனால் ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. குடிக்க மாட்டேன் என்று சின்ன வயதில் நைனாவோடு புத்த விகாரில் நின்று உறுதி எடுத்தவன், எடுத்தது எடுத்ததுதான். பிறகு எப்படிக் கலக்குகிறாய் என்று கேட்பீர்கள். மூக்கால் கலக்குவேன். முதல் வாய் குடிக்கிறவனின் புருவத்தைப் பார்ப்பேன். மேஜையைத் துடைக்கும்போது யார் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன், மிச்சம் வைத்த கிளாஸ்தான் எனக்கு நாக்கு. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், குடித்துப் பார்த்துக் கலக்குகிறவனுக்குக்கூட என் அளவு வராது.

நைனாவுக்குத்தான் இந்த வேலை பிடிக்கவே இல்லை. அவர் கன்டெய்னர் லாரி ஓட்டினவர். நான் எட்டாவது படிக்கும்போது லாரியின் பின்கதவில் கை மாட்டி, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மிச்சம் இருந்த மூன்று விரலை வைத்துக்கொண்டு மேலும் பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்துதான் எங்களை ஆளாக்கினார். அப்படிப்பட்ட மனிதர், நான் பாரில் சேர்ந்த அன்றைக்கு, "ஊரே குடிச்சி நாசமாப் போய்கினு கீது, எம்புள்ள அதுக்கு ஊத்திக் குடுக்கப் போறான்" என்று சொன்னார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பஸ்ஸில் எங்கள் பாரைத் தாண்டும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் வாசலில் நின்று நானே அதைப் பார்த்தேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார் இருப்பது ராயபுரத்தில், காசிமேட்டுக்குப் போகிற வழியில், ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மளிகை மொத்த வியாபாரக் குடும்பம், எங்களுக்கு அண்ணாச்சி. முன்பு அதுவும் எல்லா பாரும் மாதிரி ஒரு பார்தான்: சுண்டல், ஆம்லெட், இருட்டு, புகை. அண்ணாச்சி குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்விட்டு வந்தார், வந்ததும் ஆளே மாறிவிட்டார், சிவப்புக் காகித விளக்கு தொங்கவிட்டார், சுவரில் டிராகன் வரையவைத்தார், சீன ருசியில் காக்டெயில், சீன ருசியில் சைடிஷ் என்று புது மெனு அடித்தார், மேஜை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கவுண்ட்டரில் ஏற்றினார். வாசலில் இங்கிலீஷில் ஏதோ பெயர் மின்னும், அதை யாரும் படித்ததில்லை, ஊருக்கே அது சைனா பார். ராயபுரத்தில் இதையெல்லாம் யார் குடிப்பார்கள் என்று நகரத்தின் அந்தப் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். ஏன், நாங்கள் குடிக்க மாட்டோமா? கப்பல் வந்து நிற்கிற இடம் இது, உலகத்துச் சாமானெல்லாம் முதலில் இறங்குவது எங்கள் வாசலில்தான்.

சமையற்கட்டு டெய்சி அக்காவின் ராஜ்யம். காசிமேட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தவர், அந்தக் கை வேகத்துக்கு யாரும் கிட்டே நிற்க முடியாது. மாவுக்குள் இறாலை வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கிற சீனக் கொழுக்கட்டையை ஒரே தடவை காட்டிக்கொடுத்தார்கள், அடுத்த தட்டை அக்கா காட்டிக்கொடுத்தவரைவிட அழகாக மடித்து வைத்துவிட்டார்.

அலங்காரம் செய்ய வந்தவர் பழைய கப்பல் சாமான் விற்கிற கடையிலிருந்து ஒரு பெரிய போட்டோ வாங்கிவந்து மூலை மேஜைக்கு மேலே மாட்டினார். கருப்பு வெள்ளைப் படம். கோட்டுப் போட்ட வயதான சீனர் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், கீழே சீன எழுத்தில் ஏதோ இரண்டு வரி. யார் என்று யாருக்கும் தெரியாது. மறுநாளே டெய்சி அக்கா ஸ்டூல் போட்டு ஏறி அவருக்கு மல்லிகைச் சரம் போட்டுவிட்டார்.

"செத்தவரா உயிரோட கீறவரான்னே தெரியாது, அதுக்குள்ள பூ போட்டுட்டியேக்கா" என்றேன்.

"அந்தக் காலத்து போட்டோடா இது, இன்னும் உயிரோடவா கீறாரு? மொட்டையா மாட்டி வெச்சா கடைக்கு ஆவாது. நீ இன்னா பண்ற, சாயங்காலம் மொதோ கிளாஸு அவருக்கு வெச்சிட்டு அப்பால மத்தவனுக்கு ஊத்து. பெரியவரு மூஞ்சிக்கு நேரா ஊத்திகினு கீறோம், அவருக்குக் குடுக்காம இருந்தா நல்லாவா கீது?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அக்காவிடம் முறைத்துக்கொண்டால் மத்தியானச் சாப்பாட்டில் மீன் துண்டு சின்னதாகிவிடும். அதனால் வைத்தேன். எங்களுக்கு மூன்று மணிக்குக் கூட்டம் கலையும், திரும்ப ஐந்தரைக்குத்தான் சேரும், நடுவில் இருக்கிற நேரத்தில்தான் நான் புதுச் சரக்கு போட்டுப் பார்ப்பது. அதில் முதல் கிளாஸ் மூலை மேஜைக்குப் போனது.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம், அப்படித்தானே? எனக்கு நடந்தது பட்டப்பகல் மூன்றரை மணிக்கு, வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது. இஞ்சியும் எலுமிச்சையும் போட்டு நானாக ஒன்று கலந்து, மூலை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி நாலு அடி நடந்திருப்பேன். டொக், டொக். மரத்தின்மேல் விரலை மடக்கித் தட்டுகிற சத்தம், நிதானமாக, இரண்டே தடவை. திரும்பினால் நாற்காலி காலி. கிளாஸுக்குள் சரக்கின்மேல் இரண்டு வளையம் விரிந்து விரிந்து அடங்கியது, அதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் நைனாவின் பிள்ளை, உடனே கற்பூரம் தேடி ஓடவில்லை. பல்லியா என்று மேஜைக்கு அடியில் டார்ச் அடித்தேன். ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டுக் கேட்டேன். லாரி போகிற அதிர்வாக இருக்கும் என்று ஒரு வாரம் வாசலையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தேன், லாரி போனால் எங்கள் பார் முழுவதும்தான் ஆடும், ஒரு மேஜை மட்டும் இரண்டு தடவை ஆடாது. மேஜையையே மாற்றிப் போட்டேன். புது மேஜையிலும் டொக், டொக். போனில் பதிவு பண்ணினேன், நம்பினால் நம்புங்கள், அதில் என் மூச்சுச் சத்தம் இருக்கிறது, ஹார்ன் இருக்கிறது, அந்தச் சத்தம் மட்டும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் அந்த மேஜைக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தேன், அதை மறைப்பானேன்.

அப்புறம் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்து ஒரு மாதம் எனக்கு வேலை பழக்கினார், அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பாட்டில் சிரப்பில் கலக்குகிற நீலம், பச்சை சரக்குகள். அவற்றை வைத்தால் மூலை மேஜையில் சத்தமே கிடையாது. நானாக யோசித்து, நானாக இடித்து, நானாகக் காய்ச்சிப் போட்டதை வைத்தால்தான் டொக், டொக். எங்கள் பக்கத்து பார்களில் மேஜையைத் தட்டினால் ஒரே பொருள்தான்: இங்கே வா, இது சரியில்லை, எடுத்துக்கொண்டு போ. பதினோரு வருஷமாக அந்தத் தட்டலுக்கு ஓடி ஓடிப் பழகிய கால்கள் இவை. யாரோ கற்றுக்கொடுத்ததில் குறை சொல்லாத அந்தப் படத்துப் பெரியவர் நான் போட்டதில் மட்டும் குறை சொல்கிறாரே என்று, செத்துப்போன மனிதரிடம் ரோஷப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி ஒருநாள் கவுண்ட்டருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இங்க பாருடே கௌதமா. விளக்கு மாட்டியாச்சு, படம் வரைஞ்சாச்சு, ஆனா நம்ம கடைக்குன்னு சொல்லிக்கிட ஒரு சரக்கு இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரேன், ஒரே ஒரு கிளாஸ் குடு. குடிச்சதும் எனக்கே தெரியணும், இது வேற எங்கயும் கிடைக்காதுன்னு. இல்லன்னா அந்தப் பக்கத்துப் பெரிய ஓட்டல்ல இருந்து ஒரு ஆளு வரத் தயாரா இருக்கான். நீ பழையபடி மேஜையப் பாத்துக்கோ."

மேஜைக்குப் போவது ஒன்றும் கேவலமில்லை, நான் அங்கிருந்து வந்தவன்தான். ஆனால் கவுண்ட்டரில் நான் செய்வது வெறுமனே ஊற்றிக் கொடுப்பதில்லை, அது ஒரு வேலை, ஒரு கைத்திறமை என்று என்றைக்காவது நைனா ஒத்துக்கொள்வார் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்தது. கவுண்ட்டர் போனால் அந்த ஆசையும் சேர்ந்து போய்விடும்.

என் மனதில் ஒரு சரக்கு இருந்தது. நன்றாகக் கொதித்து இறங்கிய தேயிலை, அன்னாசிப்பூ, இஞ்சி, கருப்பட்டிப் பாகு, ரம். சீனர்கள் இந்த மாதிரிப் பானத்தில் உப்பில் போட்டுக் காயவைத்த ஒரு பழத்தைப் போடுவார்களாம், அது எனக்குக் கிடைக்கவில்லை. அண்ணாச்சியின் மளிகைக் கடையில் உப்பு நார்த்தங்காய் இருந்தது, சுருளாக வெட்டி, உப்பில் ஊறி, வெயிலில் கறுத்துக் காய்ந்தது. அதில் ஒரு துண்டை அடியில் போட்டேன். அதிலிருந்து கிளம்பிய வாசனையில் எனக்கே ஒரு கணம் உறுதி ஆட்டம் கண்டது.

திங்கட்கிழமை வைத்தேன். டொக், டொக். செவ்வாய்க்கிழமை அன்னாசிப்பூவைக் குறைத்தேன், டொக், டொக். புதன்கிழமை இஞ்சியைப் பாதியாக்கினேன், அப்போதும் தட்டல் நிற்கவில்லை. யாரிடமாவது குடிக்கக் கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள், சும்மா கொடுக்கிற சரக்கை எங்கள் ஊரில் யார் நல்லாயில்லை என்று சொல்வார்? வியாழக்கிழமை நார்த்தங்காயை எடுத்துவிட்டு வைத்தேன். சத்தம் இல்லை. பத்து நிமிஷம் மேஜை பக்கத்திலேயே நின்றேன், ஒன்றும் இல்லை. ஆக, குறை நார்த்தங்காயில்தான் என்று தீர்மானித்துவிட்டு அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார், சீனர். என் கண் தானாக மூலைப் படத்துக்குப் போய்விட்டது. அவசரப்பட்டு ஏதாவது நினைக்காதீர்கள், அவர் ரத்தமும் சதையுமான மனிதர்தான், ஷூவால் தரையெல்லாம் சேறாக்கினார், டெய்சி அக்கா முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். எண்ணூர்ப் பக்கம் ஏதோ இயந்திரம் பொருத்த மலேசியாவிலிருந்து வந்தவராம், பினாங்கில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் கொஞ்சம் தமிழ் பேசினார். "தம்பி, டீ இருக்கா, சூடா?" என்று கேட்டுவிட்டு போனில் யாரோடோ பேசத் தொடங்கினார்.

கெட்டிலைக் கொண்டுபோய் அவர் கோப்பையில் ஊற்றினேன். அவர் போனில் பேச்சை நிறுத்தவில்லை, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வலது கையின் இரண்டு விரலை மடக்கி மேஜையில் தட்டினார். டொக், டொக். அதே சத்தம், அதே இடைவெளி. கெட்டிலை அப்படியே மேஜையில் வைத்தேன்.

"இன்னா சார், சரியில்லியா?" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "சரியில்லையா? இல்ல தம்பி. இது எங்க ஆளுங்க பழக்கம். ஒருத்தர் நமக்கு ஊத்தினா இப்படித் தட்டுவோம். வாய் பேசிட்டு இருக்கும், கை நன்றி சொல்லும்."

நன்றி. இத்தனை நாள் அந்த மூலையிலிருந்து வந்தது நன்றி. நீலச் சரக்குக்கு வராத நன்றி, பச்சைச் சரக்குக்கு வராத நன்றி, என் கையால் போட்டதற்கு மட்டும் வந்த நன்றி, அதை நான் குறை என்று நினைத்து, அவர் எதற்கு நன்றி சொன்னாரோ அந்த நார்த்தங்காயையே, நானாக யோசித்துச் சேர்த்ததையே, எடுத்துப் போட்டுவிட்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவரை மூலைக்குக் கூட்டிப்போய், படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். குனிந்து படித்தார். "இது போட்டோ எடுத்த கடை பேர் மட்டும். ஆள் பேர் இல்லை" என்றார். மல்லிகைச் சரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், டீயை முடித்துவிட்டு மழையில் போய்விட்டார்.

மணி நாலே முக்கால். பழைய அளவிலேயே இஞ்சி, பழைய அளவிலேயே அன்னாசிப்பூ, அடியில் நார்த்தங்காய். முதல் கிளாஸைக் கொண்டுபோய் மூலை மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அறிவியல், பகுத்தறிவு என்று பேசுகிறவன், என் பிழைப்பை ஒரு சத்தத்தை நம்பி வைத்துவிட்டு நிற்கிறேன். டொக், டொக். சமையற்கட்டு வாசலில் டெய்சி அக்கா கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டது.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன், கேட்டேன். பேஜாரு பண்ணாம போய் அடுத்ததக் கலக்கு, அண்ணாச்சி வர்ற நேரம்."

அண்ணாச்சி வந்தார், ஒரு வாய் குடித்தார், கிளாஸை வைத்தார். பிறகு திரும்ப எடுத்தார். மூன்றாவது வாயில்தான் வாய் திறந்தார். "ஏல, இதுல உப்பா, புளிப்பா ஒண்ணு வருதே, என்னது அது?"

"உங்க கடை நார்த்தங்காய்தான் அண்ணாச்சி."

அவர் கிளாஸைக் கவிழ்த்து அந்தத் துண்டையும் வாயில் போட்டு மென்றார். "எவனையும் நான் கூப்பிடப் போறதில்லடே. கவுண்ட்டர் ஒனக்குத்தான்" என்றார். கிளாஸில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

இன்றைக்கு எங்கள் மெனுவில் முதல் வரி அதுதான், ராயபுரம் நார்த்தங்காய். திருவான்மியூரிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள், வந்து எங்கள் தெருவில் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் சுற்றுகிறார்கள், பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பெரிய ஓட்டல்காரர்கள் இரண்டு பேர் அளவு கேட்டார்கள், சொல்லவில்லை. மூலை மேஜைக்கு முதல் கிளாஸ் தினமும் வைக்கிறேன், இப்போது அக்கா சொல்லி இல்லை, நானாகவே. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அங்கே சத்தம் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, அதே மூன்றரை மணி, வாசலில் நைனா நின்றார். மணலி லாரி ஸ்டாண்டில் அவருடைய பழைய தோஸ்து ஒருவர், "உம்புள்ள போட்ட சரக்காமே, எங்கெங்கியோ இருந்து வர்றானுங்களாமே" என்று கேட்டிருக்கிறார். நைனாவுக்குத் தெரியாது. தன் பிள்ளையைப் பற்றி அடுத்தவனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று நேராக பஸ் ஏறி வந்துவிட்டார். டிராகனைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், எந்தக் கடைக்குப் போனாலும் மூலையில் உட்காருவதுதான் அவர் வழக்கம், போய் அந்த மேஜையில் உட்கார்ந்தார்.

"யாருடா இவரு, இவ்ளோ பூ போட்டு வெச்சிகினு கீறீங்க?"

"தெரியாது நைனா."

"தெரியாதவருக்கு இன்னாத்துக்குடா பூ?" என்றார். "சரி, அப்படி இன்னாதான் போட்ற நீ, எடுத்துகினு வா பாக்கலாம்."

ரம் சேர்க்காமல் போட்டேன். தேயிலை, அன்னாசிப்பூ, இஞ்சி, கருப்பட்டி, அடியில் நார்த்தங்காய். கெட்டிலில் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்த கிளாஸில் நானே ஊற்றினேன், அவர் கிளாஸைப் பார்க்காமல் நிமிர்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக், டொக்.

"இன்னா நைனா, தட்ற?"

"நானா? நான் எங்கடா தட்னேன்?" என்றார், நிஜமாகவே ஒன்றும் தெரியாத முகம். கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார், பிறகு நிறுத்தாமல் கடைசிவரை குடித்தார், நார்த்தங்காயையும் எடுத்து மென்றார். மடியிலிருந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எம்புள்ள போட்டதுன்னு நாலு பேராண்ட சொல்லிக்கலாம்டா" என்றார். ஐஸ் எடுக்கப் போவதுபோல உள்ளே போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். இப்போதெல்லாம் பஸ்ஸில் எங்கள் பாரைத் தாண்டும்போது அவர் முகத்தை எங்கள் பக்கம்தான் வைத்துக்கொள்கிறார்.

அது என் வாழ்க்கையிலேயே பெரிய நாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் சோறு சாப்பிடும்போது திடீரென்று நினைவுக்கு வந்து கை நின்றுவிடுகிறது. நான் ஊற்றியபோது அவருடைய இடது கை மடியில் துண்டைப் பிடித்திருந்தது. மேஜைமேல் இருந்தது வலது கை. கிளாஸில் இரண்டு வளையம் எழுந்ததை அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் பார்த்தேன், சத்தம் வந்தது அதில் விரல் இரண்டு இல்லாத இடத்திலிருந்து.